எட்டு நட்டும் ஒரு ரப்பர் வளையமும்

அம்பத்தூரில் எங்கள் வீட்டு ஹாலில் இருக்கும் மீன்தொட்டி மூன்றடி நீளம், ஓரடி அகலம், ஒன்றேகால் அடி உயரம். சுமாராக 100 லிட்டர் தண்ணீர் பிடிக்கும். கொளத்தூரில் வாங்கிய மூன்று கோல்டு ஃபிஷ் அதில் இருக்கின்றன. கோல்டு ஃபிஷ் தின்பதும் அதிகம், கழிப்பதும் அதிகம். உள்ளே போட்டிருந்த ஸ்பாஞ்ச் ஃபில்டர் அவற்றுக்கு ஈடுகொடுக்கவில்லை. கேனிஸ்டர் ஃபில்டர் ஒன்றுக்கு கடையில் 6,500 ரூபாய் சொன்னார்கள். நானே ஒன்று செய்தேன். 2,700 ரூபாய் ஆனது. எட்டு மாதமாக ஓடுகிறது. எனக்கு நன்றாகவே உழைக்கிறது. ஆனால் எல்லோரையும் செய்யச் சொல்ல மாட்டேன்.

கேனிஸ்டர் என்பது தொட்டிக்குக் கீழே வைக்கும் மூடிய பாத்திரம். தொட்டித் தண்ணீர் ஒரு குழாய் வழியாகத் தானாக இறங்கும், உள்ளே உள்ள வடிபொருள்களைக் கடக்கும், பம்ப் அதைத் திரும்ப மேலே அனுப்பும். ஜெர்மனியின் எஹைம் நிறுவனம் 1960-களில் பரப்பிய வடிவம் இது. இதன் பலமே உள்ளே கிடைக்கும் இடம்தான். என்னுடையதில் 8 லிட்டர் இடம் இருக்கிறது. பாக்டீரியா குடியிருக்க அத்தனை பரப்பு. மீன் கழிவில் வரும் அம்மோனியாவை ஒரு வகை பாக்டீரியா நைட்ரைட் ஆக்கும். இன்னொரு வகை அதை நைட்ரேட் ஆக்கும். எங்கள் போர் தண்ணீர் கடினமானது, பி.ஹெச். எட்டுக்குக் கீழே இறங்குவதே இல்லை. பி.ஹெச். ஏழிலிருந்து எட்டுக்குப் போனால் அம்மோனியாவில் மீனைக் கொல்லும் பகுதி கிட்டத்தட்ட பத்து மடங்காகிறது. எங்கள் பக்கம் போர் தண்ணீரில் மீன் வளர்ப்பவர்களுக்கு நல்ல ஃபில்டர் ஆடம்பரம் கிடையாது என்று நான் சொல்வது இதனால்தான்.

முதலில் அடுக்களையில் பருப்பு போட்டு வைக்கும் பெரிய டப்பாவில்தான் ஆரம்பித்தேன். கிளிப் வைத்த மூடி, உள்ளே ரப்பர், பார்க்க அம்சமாக இருந்தது. ராத்திரி பதினொரு மணிக்கு மூடியின் ஓரத்தில் ஒரு சொட்டு நின்றது. துடைத்தேன். மறுபடி நின்றது. காலையில் ஹாலில் பாய் நனைந்து கிடந்தது.

அம்பத்தூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் லேத் வைத்திருக்கும் ஒருவரிடம் டப்பாவைக் கொண்டுபோய்க் காட்டினேன். மூடியைக் கட்டைவிரலால் அமுக்கிப் பார்த்துவிட்டு, "சார், இது கொட்டாம இருக்கச் செஞ்ச மூடி. உள்ள இருந்து தள்ளுறதைத் தாங்கச் செஞ்சது இல்ல" என்றார். வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டேன். தொட்டியின் நீர்மட்டம் தரையிலிருந்து 120 செ.மீ.; டப்பா மூடி 50 செ.மீ. உயரத்தில். நடுவில் 70 செ.மீ. தண்ணீர். மூடியின் விட்டம் 15 செ.மீ. என்றால் அதை மேல்நோக்கித் தள்ளும் விசை ஏறத்தாழ 12 கிலோ. பம்ப் ஓடினாலும் நின்றாலும் அந்தத் தள்ளல் ராத்திரி பகலாக இருந்துகொண்டே இருக்கும். இரண்டு பிளாஸ்டிக் கிளிப்பை நம்பி அதை விட்டிருந்தேன்.

அடுத்தது பைப். 160 எம்எம் பிவிசி, 6 கிலோ பிரஷர் ரகம், 45 செ.மீ. துண்டு. அடியில் எண்ட் கேப்பை சால்வென்ட் போட்டு ஒட்டினேன். மேலே ஃபிளேஞ்ச், அதன்மேல் தடித்த பிவிசி தகட்டில் வெட்டிய மூடி. நடுவில் 3 மி.மீ. ரப்பர் கேஸ்கட், சுற்றி எட்டு எஸ்.எஸ். போல்ட். மூடி வெட்டி ஓட்டை போடும் வேலையை அந்த லேத்காரரே செய்து கொடுத்தார். கேஸ்கட்டை இரண்டு கடை தள்ளி அளவு சொல்லி வெட்டி வாங்கினேன். 1964-இல் தொடங்கிய இந்த எஸ்டேட்டைச் சுற்றிக் குடியிருப்பதில் உள்ள வசதி இது. எந்த அளவு ரப்பர் வளையம் கேட்டாலும், சைக்கிளை ஸ்டாண்டு போடுவதற்குள் கையில் கொடுத்துவிடுகிறார்கள்.

நட்டுகளைக் கார் சக்கரத்துக்கு முடுக்குவதுபோல எதிரெதிராக முடுக்க வேண்டும். வரிசையாக முடுக்கினால் கேஸ்கட் ஒருபக்கம் பிதுங்கும். பிறகு பாத்ரூமில் ஒருநாள் முழுக்க வைத்துப் பார்த்தேன். மூடியின் விளிம்பைச் சுற்றிக் காய்ந்த கோலமாவைத் தூவியிருந்தேன். ஈரம் பட்டால் மாவு கறுக்கும், மறைக்க முடியாது. 24 மணி நேரம் கழித்தும் மாவு வெள்ளையாகவே இருந்தது.

பம்ப் 18 வாட் ஏர்கூலர் பம்ப், 450 ரூபாய். மூடிக்கு அடியில் தொங்குகிறது. அதன் ஒயர் வெளியே வர கேபிள் கிளாண்ட் போட்டேன். பிளக்கை வெட்டிவிட்டுத்தான் ஒயரை நுழைக்க முடியும். வடிபொருளில் அடியில் முரட்டு ஸ்பாஞ்ச். அதன்மேல் மொட்டைமாடித் தளத்துக்குப் போடும் செங்கல் ஜல்லி, சுண்ணாம்பு படாததாகப் பார்த்து நன்றாகக் கழுவியது. அதற்குமேல் பாத்திரம் தேய்க்கும் நைலான் நார். கடைசியாகத் தலையணைப் பஞ்சு. தெரிந்த மீன்கடையில் ஓடிக்கொண்டிருந்த பழைய ஸ்பாஞ்ச் துண்டு ஒன்றைக் கேட்டு வாங்கி நடுவில் வைத்தேன். வெறும் ஃபில்டரில் பாக்டீரியா பிடிக்க நாலு முதல் ஆறு வாரம் ஆகும். பழைய ஸ்பாஞ்ச் அதை விரைவாக்கும்.

பம்ப் பெட்டியில் மணிக்கு 1,100 லிட்டர் என்று போட்டிருக்கிறது. உயரம், குழாய், பஞ்சு எல்லாம் தின்றது போக எனக்குக் கிடைத்தது பாதிக்கும் குறைவு. 10 லிட்டர் வாளி நிறைய 72 வினாடி, அதாவது மணிக்கு 500 லிட்டர். என் தொட்டியை மணிக்கு ஐந்து தடவை சுற்றும், போதும். மின்செலவு மாதம் 13 யூனிட், இரண்டு மாத பில்லில் 26.

குறைகளையும் சொல்ல வேண்டும். பம்ப் உச்சியில் இருப்பதால் காற்று அங்கே போய் அடைத்துக்கொள்கிறது. ஒவ்வொரு முறையும் பாத்திரத்தைச் சாய்த்துக் குலுக்கி வெளியேற்ற வேண்டியிருக்கிறது. கூலர் பம்ப்பின் முனகல் ராத்திரியில் கேட்கிறது. செராமிக் ஷாஃப்ட் வைத்த அக்வேரியம் பம்ப் போட்டிருக்கலாம்.

2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் எங்கள் தெருவில் இரண்டு நாள் கரண்ட் இல்லை. அப்போது இருந்த ஸ்பாஞ்ச் தொட்டிக்குள் திறந்தபடி இருந்ததால் தாக்குப்பிடித்தது. மூடிய கேனிஸ்டரில் அது நடக்காது. பம்ப் நின்ற சில மணி நேரத்தில் உள்ளே ஆக்சிஜன் தீர்ந்துவிடும். பாக்டீரியா செத்துத் தண்ணீர் நாறும். அதை அப்படியே ஓட விட்டால் அந்த விஷம் நேரே மீனுக்குப் போகும். ரொம்ப நேரம் கரண்ட் போனால் பாத்திரத்தைக் காலி செய்து, தொட்டித் தண்ணீரிலேயே வடிபொருள்களை அலசிவிட்டுத்தான் போடுகிறேன். குளோரின் கலந்த குழாய்த் தண்ணீரில் அலசினால் மிச்சமிருப்பதும் செத்துவிடும்.

செய்யப் போகிறவர்கள் இரண்டை விடவே கூடாது. ஒன்று, இறங்கும் குழாயில் நீர்மட்டத்துக்கு 5 செ.மீ. கீழே ஒரு சிறு ஓட்டை. எங்கே ஒழுகினாலும் அந்த ஓட்டையில் காற்று புகுந்து ஓட்டம் அறுந்துவிடும். என் தொட்டிக் கணக்கில் 13 லிட்டரோடு போகும், மீன் பிழைக்கும். திரும்பி வரும் குழாயின் வாய் நீருக்கு மேலே இருக்க வேண்டும். இரண்டு, பம்ப் பிளக்குக்கு 30 மில்லிஆம்பியர் இ.எல்.சி.பி. (மின்கசிவு தடுப்பான்) கட்டாயம். தொட்டிக்குள் கை விடுவது நாம் மட்டுமில்லை, குழந்தைகளும்தான். இந்த இரண்டுக்கும் பணமோ பொறுமையோ இல்லையென்றால் 6,500 கொடுத்துக் கடையில் வாங்குவதே சரி.

என்னை உண்மையில் உறுத்துவது அந்த எட்டு நட்டுதான். கடை கேனிஸ்டரை நாலு கிளிப்பில் திறந்துவிடலாம். எனக்கு ஸ்பானரோடு இருபது நிமிடம். அதனாலேயே கழுவுவதைத் தள்ளிப்போட்டேன். போன மாதம் வாளி நிறைய 105 வினாடி ஆனது. மணிக்கு 350 லிட்டர்கூட முழுதாக வரவில்லை. மூன்றில் பெரிய மீன் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்ததைப் பார்த்த பிறகுதான் திறந்தேன். பஞ்சு சேற்றுக் கட்டியாக இருந்தது. எட்டு விங் நட் வாங்கி வைத்திருக்கிறேன். இந்த ஞாயிற்றுக்கிழமை மாற்றிவிட்டு, மறுபடியும் கோலமாவு தூவிப் பார்க்க வேண்டும்.