வேலிக்கு அந்தப் பக்கம்

என் சித்தப்பா செங்கல்பட்டில் ஜி.எஸ்.டி. ரோட்டை ஒட்டி ஒர்க்‌ஷாப் வைத்திருந்தார். அவர் மேஜையில் பில்கள் பறக்காமல் இருக்க ஒரு பிஸ்டன் உட்கார்ந்திருக்கும். ஃபியட் 1100-இன் பிஸ்டன். பீடிச் சாம்பலைத் தட்டுவதும் அதில்தான். யாராவது அதைக் கையில் எடுத்தால் போதும், சோழவரத்துக் கதை ஆரம்பமாகிவிடும். பொங்கல் முடிந்து சில வாரங்களில் அங்கே கார்ப் பந்தயம் வரும். ஒர்க்‌ஷாப் பையன்களைக் கூட்டிக்கொண்டு, கட்டுச்சோறும் தண்ணீர்க் குடமுமாக லாரியில் ஏறி, சென்னையைக் கடந்து, செங்குன்றமும் தாண்டிப் போவார்களாம். வெயிலில் நாள் முழுக்க நின்று, புழுதி அப்பிய முகத்தோடு நள்ளிரவில் வீடு திரும்புவார்களாம்.

அதே மனிதர் பக்கத்திலிருக்கும் இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தடத்துக்குத் தானாகப் போனதில்லை. சிங்கப்பெருமாள் கோயிலில் திரும்பி ஒரகடம் வழியாகப் போனால் ஒரு மணி நேரம்தான். ஏன் போவதில்லை என்று கேட்டால் பதில் எப்போதும் ஒன்றே: “அதுல பாக்க இன்னாடா இருக்கு? எல்லாம் ஒரே வண்டி.”

கிழவர்களின் வழக்கமான அலுப்பு என்றுதான் வெகுநாள் நினைத்திருந்தேன். இலங்கைக்குப் போய் அங்கே கார்ப் பந்தயம் பார்க்கிற கூட்டத்தைக் கண்ட பிறகு, அந்தப் பதிலில் விஷயம் இருக்கிறது என்று பட்டது.

இரு நாட்டுப் பந்தயங்களுக்கும் பூர்வீகம் ஏறக்குறைய ஒன்றுதான். இரண்டாம் உலகப் போர் விட்டுப்போன விமான ஓடுபாதைகள். இங்கே சோழவரம். அங்கே களுத்துறைக்குப் பக்கத்தில் கட்டுக்குருந்தை. போர்க்காலத்தில் பிரிட்டிஷ் கடற்படையின் விமானத்தளமாக இருந்த இடம். போர் முடிந்து விமானங்கள் போய்விட்டன. நீளமான, நேரான தளம் சும்மா கிடந்தது. கார் வைத்திருந்தவர்களுக்குக் கால் சும்மா இருக்குமா? 1953-இல் தொடங்கிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் சோழவரத்தைப் பிடித்துக்கொண்டது. இலங்கையில் ஆசை இன்னும் பழையது. நுவரெலியாவில் மகாகஸ்தோட்டை மலையேற்றப் பந்தயம் 1934-இலேயே தொடங்கிவிட்டது. கடல் தாண்டிய போக்குவரத்தும் இருந்தது. இலங்கை வீரர்கள் வண்டியோடு சோழவரத்துக்கு வந்து ஓட்டிய காலம் உண்டு.

சோழவரத்தில் கோண்டல் மகாராஜா போன்றவர்கள் வெளிநாட்டுப் பந்தயக் கார்களைக் கொண்டுவந்து ஓட்டினார்கள். 1980களில் விஜய் மல்லையா ஒரு பழைய ஃபார்முலா ஒன் காரையே, என்சைன் என்ற வண்டியை, இறக்கினார். அதைப் பார்த்து ஜனங்கள் வாய் பிளந்தது உண்மை. ஆனால் சித்தப்பாவின் கதைகளில் அந்தக் கார் ஒரு வரியில் வந்து போய்விடும். மிச்சமெல்லாம் ஃபியட்டும் ஹெரால்டும் அம்பாசடரும்தான். அவர் கையில் வந்து போகிற வண்டிகள். தன் ஒர்க்‌ஷாப்பில் மூச்சு வாங்குகிற ஃபியட் அங்கே எப்படி அப்படிப் பறக்கிறது என்பதுதான் அவருக்கு மர்மம். ஹெட்டைச் சீவியிருக்கிறானா, கேம் ஷாஃப்டை மாற்றினானா, இரட்டைக் கார்ப்பரேட்டர் போட்டானா? பந்தயம் முடிந்ததும் பானெட்டைத் திறந்து வைத்திருக்கும் வண்டிகளைச் சுற்றிச் சுற்றி வருவார்களாம். மாருதி 800 வந்த பிறகு, பெங்களூரில் செய்த சிப்பானி டால்ஃபின் அதை விரட்டிப் பிடித்த கதையை அவர் நேற்று நடந்ததுபோலச் சொல்வார். அந்தக் கம்பெனி போன இடம் தெரியவில்லை. கதை மட்டும் எங்கள் வீட்டில் ஓடிக்கொண்டிருக்கிறது.

கோயம்புத்தூர் கரிவர்தன் இந்த உலகத்தின் நாயகன். தானே வண்டி ஓட்டுவார், தானே வண்டி செய்வார். மாருதி எஞ்சினை வைத்து அவர் உருவாக்கிய ஒற்றை இருக்கைக் கார்கள்தான் அடுத்த தலைமுறைக்குப் பள்ளிக்கூடம். 1995-இல் விமான விபத்தில் இறந்தார். ஒர்க்‌ஷாப்பில் பிறந்த பந்தயக் கலைக்கு அதற்குப் பிறகு அப்படி ஒரு தலைமகன் கிடைக்கவில்லை என்பது என் எண்ணம்.

1990-இல் இருங்காட்டுக்கோட்டை வந்தது. 3.7 கிலோமீட்டர், பன்னிரண்டு வளைவுகள், பந்தயத்துக்கென்றே கட்டிய நிரந்தரத் தடம். ஒரு கிளப் தன் சொந்த முயற்சியில் இப்படி ஒன்றைக் கட்டியது சாதாரண விஷயமல்ல. எந்த விதத்தில் பார்த்தாலும் சோழவரத்தைவிட மேல். ஆனால் பார்க்க வருகிற கூட்டம் மட்டும் சோழவரத்தோடு நின்றுவிட்டது. தேசியப் பந்தயம் நடக்கும் ஞாயிற்றுக்கிழமைகளில் நான் போயிருக்கிறேன். பார்வையாளர் மேடையில் இருப்பவர்களில் பாதிப் பேர் ஓட்டுகிறவர்களின் சொந்தக்காரர்கள்.

தொலைக்காட்சி வந்தது, கிரிக்கெட் வந்தது, ஞாயிறு மாறிப்போனது என்று காரணங்களை அடுக்கலாம். எல்லாம் ஓரளவு சரி. ஆனால் தடத்துக்குள்ளேயே ஒன்று மாறியது. 2010-இல் வோக்ஸ்வாகன் போலோ கப் வந்தது. பிறகு டொயோட்டா எட்டியோஸ், வென்ட்டோ, அமியோ என்று வரிசையாக ஒரே ரக வண்டிப் பந்தயங்கள். எல்லா வண்டியும் கம்பெனியுடையது. கம்பெனி மெக்கானிக்குகளே பராமரிப்பார்கள். ஓட்டுகிறவர் பணம் கட்டி இருக்கையில் அமர்வார். எஞ்சினுக்கு சீல். வண்டியில் வித்தியாசம் இருக்கக் கூடாது, ஓட்டுகிறவனின் திறமை மட்டுமே தெரிய வேண்டும் என்பது நோக்கம். ஒர்க்‌ஷாப் வைத்துக்கொள்ள வசதியில்லாத பையனுக்கு இது நியாயமான வழி என்பதையும் மறுக்க மாட்டேன். ஆனால் வேலிக்கு இந்தப் பக்கம் நிற்பவனுக்கு? ஒரே மாதிரி பதினைந்து வண்டிகள், ஸ்டிக்கர் மட்டும் வேறு. ஹெல்மெட்டுக்குள் இருக்கிற முகம் தெரியாது. யாருக்காகக் கை தட்டுவது?

மெட்ராஸ் கிளப்பின் பந்தயங்களில் ‘இந்தியன் டூரிங் கார்ஸ்’ என்ற பிரிவு இன்னும் ஓடுகிறது என்பதைச் சொல்லிவிட வேண்டும். அதில் ஆளாளுக்குச் சொந்தமாகச் செய்த வண்டிகள். ஆனால் சுவரொட்டியில் பெரிய எழுத்தில் வருவது அது அல்ல.

இனி அக்கரை. ஓர் ஏப்ரலில் நுவரெலியாவில் இருந்தேன். சித்திரைப் புத்தாண்டை ஒட்டி அந்த ஊருக்கு ‘சீசன்’. குதிரைப் பந்தயம், மலர்க் கண்காட்சி, கூடவே கார்ப் பந்தயம். மலையேற்றப் பந்தயத்தில் ஒரு நேரத்தில் ஒரு வண்டிதான் ஏறும்; போட்டி கடிகாரத்தோடு. தேயிலைச் சரிவில் நிற்கும் நமக்கு ஒரே ஒரு வளைவுதான் தெரியும். கீழே உறுமல் கேட்கும், வண்டி வரும், சில்லுகள் கிறீச்சிடும், போய்விடும். ஒலிபெருக்கி நேரத்தைச் சொல்லும். பார்க்கப்போனால் இதைவிட அலுப்பான ஏற்பாடு இருக்க முடியாது. ஆனாலும் தோட்டத்துப் பிள்ளைகள் கொழுந்துச் செடிகளுக்கு நடுவே விடிகாலையிலிருந்தே இடம் பிடித்து நின்றார்கள்.

பக்கத்தில் நின்ற இளைஞனிடம் பேச்சுக் கொடுத்தேன். “அண்ணே, இந்த மினி போன வருசம் பாதியில நின்னுருச்சு. கண்டியில ஒரு கராஜ்ல வச்சு முழுசா பிரிச்சு மாட்டுனாங்க” என்றான். அந்த கராஜில் அவன் மச்சான் வேலை செய்கிறானாம். அடுத்து வந்த நிசான் மார்ச்சுக்கும் ஒரு கதை இருந்தது.

இலங்கையில் ஒரே ரகப் பிரிவுகள் இல்லை என்று நினைத்துவிட வேண்டாம். ஆஸ்டின் மினிக்கு ஒரு பந்தயம், நிசான் மார்ச்சுக்கு ஒன்று, ஃபோர்ட் லேசர்–மஸ்டாவுக்கு ஒன்று என்று உண்டு. வித்தியாசம் வண்டி யாருடையது என்பதில் இருக்கிறது. அங்கே ஓட்டுகிறவர் வாங்கியது, ஏதோ ஒரு கராஜ் மாதக்கணக்கில் திருகியது. அந்தத் தீவுக்குச் சொந்தமாகப் பெரிய கார்த் தொழிற்சாலை கிடையாது. ஜப்பானில் ஓடித் தேய்ந்த வண்டிகளை வாங்கி, தட்டிக் கொட்டி, தலைமுறைகளாக ஓட்டுகிற நாடு. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள். 2025-இல்தான் கதவு மீண்டும் திறந்தது. அந்த ஐந்து வருஷத்தில் பழைய கார் தங்கமாகிவிட்டது. 2022-இல் பெற்றோலுக்கு நாட்கணக்கில் வரிசையில் நின்றவர்களுக்குத் தம் வண்டியின் ஒவ்வொரு சத்தமும் தெரியும். பந்தயத்தில் போகும் பழைய லான்சர் அவர்களுக்கு அந்நியப் பொருள் அல்ல. பக்கத்து வீட்டில் ரயர் மாற்றக் காசில்லாமல் நிற்பதும் அதன் கூடப்பிறந்ததுதான்.

எங்கள் நிலைமை நேர் எதிர். மறைமலை நகரில் 2022 வரை ஃபோர்ட், இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய், ஒரகடத்தில் ரெனோ–நிசான், மகிந்திரா சிட்டியில் பி.எம்.டபிள்யூ. காரை நாங்களேதான் செய்கிறோம், அதுவும் லட்சக்கணக்கில். மறைமலை நகரில் ஐகான் வந்த புதிதில் ஊர்ப் பையன்களுக்கு அதன்மேல் பைத்தியம். 2022-இல் அந்த ஆலை கார் செய்வதை நிறுத்தியபோது வேலை போனவர்களின் துக்கத்தைக் கண்ணால் பார்த்தேன். ஆனால் அங்கே வேலை செய்தவர்கள் யாரும் ‘எங்க வண்டி ஓடுது’ என்று பந்தயம் பார்க்கப் போனதாக நான் கேட்டதில்லை.

இப்படி எழுதிக்கொண்டே போனால் இலங்கையில் எல்லாம் நன்றாக இருக்கிறது என்று ஆகிவிடும். அதற்கு முன்னால் தியத்தலாவையைச் சொல்லியாக வேண்டும்.

அங்கே ராணுவக் கல்விக்கழகத்தின் இடத்தில் நடக்கும் ஃபாக்ஸ் ஹில் சூப்பர் கிராஸ் மண் தடத்தில் ஓடுவது. ஈஸ்டர் குண்டுவெடிப்பு, கொரோனா, பொருளாதாரச் சரிவு என்று ஐந்து வருஷம் நடக்காமல் இருந்து 2024 ஏப்ரல் 21 அன்று மறுபடியும் நடந்தது. அனுமதி இலவசம். மலைச் சரிவெங்கும் ஜனம். தடத்தின் ஓரத்திலேயே நின்றார்கள். ஒரு கார் தடம் விலகிக் கூட்டத்துக்குள் புகுந்தது. ஏழு பேர் இறந்தார்கள். அதில் ஒரு சிறுமிக்கு எட்டு வயது. இருபதுக்கும் மேற்பட்டோர் காயமடைந்தார்கள். அந்தக் காணொளியை நான் ஒரு முறைதான் பார்த்தேன். நுவரெலியாவில் நான் நின்ற இடமும் அவர்கள் நின்றது போன்ற இடம்தான். எதை அந்தப் பந்தயத்தின் உயிர் என்று நினைத்தேனோ அதே நெருக்கம்தான் அங்கே ஆளைக் கொன்றது.

இருங்காட்டுக்கோட்டையில் அப்படி நடக்க வாய்ப்பு குறைவு. வேலியும் தூரமும் பார்ப்பவரைக் காக்கின்றன. ஓட்டுகிறவரை எப்போதும் காப்பதில்லை. 2023 ஜனவரி 8 அன்று அங்கே சலூன் கார் பந்தயத்தில் மூத்த வீரர் கே.இ. குமார் இறந்தார். வயது 59. அந்த வயதிலும் சலூன் கார் ஓட்டிக்கொண்டிருந்த மனிதரை, காலியான மேடைகளும் கூட்டம் போன பிறகும் விளையாட்டை விடாத சில பேரும் சேர்ந்த ஒரு காலத்தின் ஆளாகவே நினைத்துக்கொள்கிறேன்.

கூட்டத்தைத் திரும்ப அழைக்க இரு நாடுகளும் கையாண்ட வழி ஒன்றேதான்: நகரத்துக்கு நடுவே, இரவில், விளக்கு வெளிச்சத்தில். கொழும்பில் 2010களின் தொடக்கத்தில் நடத்திப் பார்த்தார்கள். சென்னையில் மிக்ஜாம் புயலால் 2023 டிசம்பரில் தள்ளிப்போன தெருப் பந்தயம் 2024 ஆகஸ்ட் கடைசியில் தீவுத்திடலைச் சுற்றி நடந்தது. கூட்டம் வந்தது. ஆனால் அதில் முக்கியமாக ஓடியவை பிரான்சிலும் இத்தாலியிலும் செய்த பந்தய வண்டிகள். அண்ணா சாலையில் நாம் தினம் பார்க்கும் எதற்கும் அவை உறவு இல்லை. தெரு நம்முடையது, வண்டி நம்முடையதல்ல. சினிமா நடிகர் அஜித் குமாரின் அணி 2025 ஜனவரியில் துபாய் 24 மணி நேரப் பந்தயத்தில் தன் பிரிவில் மூன்றாவதாக வந்தபோது தமிழ்நாடே கொண்டாடியது. கொண்டாடியவர்களில் எத்தனை பேர் முதல் இரண்டு இடங்களைப் பார்த்திருப்பார்கள்? குறை சொல்லவில்லை. வண்டியோடு உறவு விட்டுப்போன இடத்தில் முகத்தோடாவது உறவு வந்திருக்கிறது.

உலகம் முழுக்க இதே கதைதான். ஆஸ்திரேலியாவில் பாதர்ஸ்ட் மலைத் தடத்தில் ஹோல்டன் கட்சி, ஃபோர்ட் கட்சி என்று குடும்பங்களே பிரிந்து நின்ற காலம் உண்டு. 2017-இல் ஹோல்டன் அந்த நாட்டில் கார் செய்வதை நிறுத்தியது, சில வருஷங்களில் பெயரும் போனது. 2023-இலிருந்து அங்கே ஓடியவை கமாரோவும் மஸ்டாங்கும். தெருவில் பத்து வண்டிக்கு ஒன்றுகூட அவை இல்லை.

எங்கள் மாவட்டத்துக்கு ஒரு வேடிக்கை உண்டு. பழைய செங்கல்பட்டு மாவட்டத்தில் சோழவரமும் இருந்தது, இருங்காட்டுக்கோட்டையும் இருந்தது. மாவட்டம் பிரியப் பிரிய ஒன்று திருவள்ளூருக்குப் போனது, மற்றது காஞ்சிபுரத்தோடு நின்றது. 2019-இல் தனியாக வந்த செங்கல்பட்டுக்கு மிஞ்சிய பந்தயத் தடம் ஈ.சி.ஆர். என்கிற கிழக்குக் கடற்கரைச் சாலைதான். ஞாயிற்றுக்கிழமை விடிகாலையில் கோவளத்துக்கும் மாமல்லபுரத்துக்கும் நடுவே நின்று பாருங்கள். பெரிய பைக்குகளும் எக்ஸாஸ்ட் மாற்றிய கார்களும் பறக்கும். ரோட்டோரத்தில் பையன்கள் ஃபோனை நீட்டிக்கொண்டு நிற்பார்கள். சத்தத்தை வைத்தே என்ன வண்டி என்று சொல்வார்கள், யார் எதை மாற்றினார்கள் என்றும் சொல்வார்கள். ஆர்வம் செத்துவிட்டது என்கிறவர்கள் இங்கே வர வேண்டும். போலீஸ் பிடிக்கிறது, வண்டியைப் பறிமுதல் செய்கிறது, அடுத்த வாரம் வேறு வண்டி. அதே ரோட்டை மீன் கூடையோடு ஒரு அம்மா கடந்துகொண்டிருப்பார். தியத்தலாவைக்காவது கொடி காட்ட ஒருவர் இருந்தார்.

போன வருஷம் சித்தப்பாவைக் கட்டாயப்படுத்தி இருங்காட்டுக்கோட்டைக்குக் கூட்டிப்போனேன். ஒரே ரகப் பந்தயம் ஒன்று முடிந்ததும் எழுந்தவர், வண்டிகள் நிறுத்தும் பக்கமாக நடந்து வேலியில் கை வைத்து நின்றார். அந்தப் பக்கம் ஒரு மெக்கானிக் பையன் பானெட்டைத் திறந்தான்.

“தம்பி, ஹெட்டுல வேலை செஞ்சிருக்கீங்களா?”

“சீல் வெச்சிருக்கு பெரியவரே. நாங்க தொடக் கூடாது.”

பானெட் மூடியது. திரும்பி வரும்போது ஒரகடம் ரோட்டில் எங்களுக்கு முன்னால் புதுக் கார்களை ஏற்றிய நீள டிரெய்லர் ஒன்று போய்க்கொண்டிருந்தது. சித்தப்பா கண்ணாடியை இறக்கிவிட்டு எண்ணினார்.

“எட்டு. எல்லாம் வெள்ளை” என்றார்.