மூன்று உலோகம், ஒரு தட்டு

புது வீடு கட்டுகிறவர்கள் கதவுக் கைப்பிடி, குழாய், விளக்கு எல்லாம் ஒரே நிறத்தில் மின்ன வேண்டும் என்று கடை கடையாக அலைகிறார்கள். பித்தளைக்குப் பக்கத்தில் வெள்ளி நிறம் எடுபடாதாம். அவர்களைத் தஞ்சாவூர்த் தட்டின் முன்னால் ஒரு நிமிஷம் நிறுத்த வேண்டும். (கல்யாணப் பரிசாக வாங்கி ஷோகேஸில் தூசி படிய விடுவோமே, அதேதான்.)

அடித்தட்டு பித்தளை. சுற்றிலும் செம்புத் தகட்டில் கொடியும் பூவும். நடுவில் வெள்ளித் தகட்டில் புடைத்து நிற்கும் தெய்வ உருவம். அச்சில் வைத்துத் தட்டி உருவெடுத்த மெல்லிய தகட்டின் முதுகில் மெழுகுக் கலவையை நிரப்புவார்கள். இல்லாவிட்டால் விரல் அழுத்தினாலே நசுங்கிவிடும். பிறகு தட்டில் பொருத்தி, ஓரங்களைச் சிற்றுளியால் தட்டித் தட்டி இறுக்குவார்கள். பொறுமையான வேலை.

மூன்றும் சம பங்கு இல்லை, அதுதான் சூட்சுமம். மஞ்சள் பித்தளை இடத்தைப் பிடித்துக்கொள்கிறது; வெள்ளி கொஞ்சமாக, நடுவில் மட்டும். இரண்டுக்கும் இடையில் செம்பு சமாதானம் பேசுகிறது. வரவேற்பறைக்கும் இந்தக் கணக்கு போதும் என்பேன்.

செம்பு கொஞ்சம் கறுத்தால் பதறிப் புளி போட்டுத் தேய்க்காதீர்கள். அந்தக் கருமையில்தான் உருவம் எடுப்பாகத் தெரிகிறது. வெள்ளியை மட்டும் விபூதி தொட்டு மெல்லத் துடைத்தால் போதும்.