அடிபட்டுக் கிடந்தவனின் பார்வை

துப்பறியும் கதை என்றதும் நம் மனக்கண்முன் தோன்றுபவர் எல்லாம் அறிந்த ஒரு மேதை. காலடித் தடத்தைக் கொண்டே கொலையாளியை இனங்கண்டுவிடுவார், அவர் தவறுவதில்லை. ஆதலால் அவர் வளர்வதும் இல்லை. ஜப்பானியச் சித்திரக்கதை ஆசிரியர் நவோகி உரசாவாவின் 'மான்ஸ்டர்' நமக்குக் காட்டும் இளங்காவலனோ தவறித் தவறியே வளர்கிறான். அவன் பெயர் யான் சூக்.

1994 முதல் 2001 வரை தொடராக வெளிவந்து 18 தொகுதிகளாக விரிந்த இப்படைப்பு, முகப்பிலேயே திருவெளிப்பாட்டு நூலின் 13ஆம் அதிகாரத்தை நினைவூட்டுகிறது. செர்மனியில் பணிபுரியும் ஜப்பானிய மருத்துவர் டென்மா, மேலிடத்தின் ஆணையை மீறி, நகரத் தலைவருக்குப் பதிலாகத் தமக்கு முன்னரே கொண்டுவரப்பட்ட ஒரு சிறுவனுக்கு அறுவை செய்து உயிரளிக்கிறார். ஜோஹான் என்னும் அச்சிறுவன் கொடுங்கொலைஞனாக வளர்கிறான். அவன் செய்த கொலைகளின் பழி டென்மாவின்மேல் விழுகிறது. தேடப்படும் குற்றவாளியாக அவர் ஊர் ஊராக அலைகிறார்.

இப்பெருங்கதை பிராக் நகரை அடையும்போது சூக் நம்முன் வருகிறான். பொதுவுடைமை ஆட்சி 1989இல் வீழ்ந்த பின்னும், பழைய இரகசியக் காவல்துறையின் நிழல் அந்நகரைவிட்டு அகலவில்லை. புதிதாகத் துப்பறியும் பணியில் சேர்ந்த சூக், தன் மேலதிகாரி ஸெமனை ஆசானாகவே மதிக்கிறான். அந்த ஆசானே ஊழலில் ஊறியவர் என அறியும்போது அவன் உலகம் ஆட்டம் காண்கிறது. மனச்சுமை தாளாமல், மதுக்கூடத்தில் அறிமுகமான அழகிய பெண்ணிடம் உள்ளத்தைத் திறக்கிறான். அவளோ பெண்வேடமிட்ட ஜோஹான்! நஞ்சு கலந்த மிட்டாயால் உயரதிகாரிகள் மடிகின்றனர். ஐயம் சூக்கின்மேல் திரும்புகிறது. பிறரைத் தேடவேண்டியவன் தேடப்படுபவனாகிறான்.

இந்த இடத்தில்தான் உரசாவாவின் கலை நம்மைத் தடுத்து நிறுத்துகிறது. குண்டடிபட்டுக் கிடக்கும் சூக்கிற்குக் கைகொடுப்பவர் யார்? ஒருவர், கிழக்குச் செர்மனியின் உளவாளியாக இருந்த கிரிம்மர். கொடிய அனாதை இல்லத்தில் வளர்ந்து, உணர்வுகளையே இழந்து, புன்னகையைக்கூடப் பயின்று கற்றவர். மற்றவர், தேடப்படும் டென்மா. சட்டத்தின் கண்ணில் சூக் கைது செய்யவேண்டியவர்களே அவன் காயத்தைக் கட்டுகிறார்கள்.

நல்ல சமாரியர் உவமையை நாம் எப்போதும் உதவி செய்தவரின் பக்கம் நின்றே வாசிக்கிறோம். வழியோரம் கிடந்தவனின் பக்கம் நின்று வாசித்திருக்கிறோமா? குருவும் லேவியரும் விலகிப்போனதைக் கண்ட அவனுக்கு, தான் வெறுக்கக் கற்றிருந்த மனிதரிடமிருந்தே இரக்கம் வந்தது. சூக்கின் வளர்ச்சியும் இத்தகையதே. அவன் கூர்மதி பெற்றான் என்பது சிறு செய்தி. அமைப்பின்மேல் வைத்த நம்பிக்கை வேறு, நீதியின்மேல் வைத்த நம்பிக்கை வேறு என்று உணர்ந்ததே பெரிது. முன்னது நொறுங்கியபோதும் பின்னதை அவன் கைவிடவில்லை.

குறை இல்லாமல் இல்லை. சதிக்குள் சதியாகக் கதை விரைவதால், சூக்கின் அகப் போராட்டத்திற்குப் போதிய இடம் கிட்டவில்லை. தான் நம்பிச் சொன்ன சொற்களே கொலைக்கு வழிவகுத்தன என்ற குற்றவுணர்வு இன்னும் ஆழமாகத் தீட்டப்பட்டிருக்க வேண்டும். குருதியும் வன்முறையும் மிகுந்த கதையாதலால், சிறுவர் கையில் கொடுக்கத்தக்க நூலும் அன்று.

ஆயினும் இந்த இளைஞனை நாம் எளிதில் மறக்கவியலாது. நாம் மதித்த பெரியவர் ஒருவர், நாம் சார்ந்த நிறுவனம் ஒன்று நம்மை ஏமாற்றும் வேளை நம்மில் பலருக்கு வந்திருக்கும். அப்போது சிலர் கண்களை மூடிக்கொள்கிறோம். சிலர் எல்லாமே பொய் என்று விலகிவிடுகிறோம். கண்களைத் திறந்தபடியே நன்மையின் பக்கம் நிற்பது மூன்றாம் வழி. அது கடினமானது, துணையின்றி இயலாதது. அத்துணை நாம் எதிர்பாராத கைகளிலிருந்து வரலாம். அக்கைகளைத் தட்டிவிடாதிருக்கும் தாழ்ச்சியை நாம் பெற்றிருக்கிறோமா?