கலிங்கத்திற் பொறிக்கப்படாத சாசனம்

உலக வரலாற்றிலே வெற்றிகொண்ட வேந்தர் எண்ணிலர். வென்றமைக்காகத் தான் வருந்தியதைத் தானே கல்லில் வெட்டுவித்த வேந்தன் அசோகன். அவனுடைய பதின்மூன்றாம் பாறைச் சாசனம் இதனாலேயே பெரும்புகழ் எய்தியது. பாடநூல் தொடக்கம் மேடைப்பேச்சு வரை அதனை எடுத்தாளாதார் இலர். எனினும், அது எங்கே வெட்டப்பட்டது, எங்கே வெட்டப்படாது விடப்பட்டது என்பதை நோக்குவோர் சிலரே.

அசோகன் முடிசூடி எட்டாண்டு கழிந்தபின், கி. மு. 261 அளவில், கலிங்கம் வெல்லப்பட்டது. நாட்டினின்றும் பெயர்த்துக் கொண்டுசெல்லப்பட்டோர் 150,000 பேர்; கொல்லப்பட்டோர் 100,000 பேர்; வேறு வகையால் மாண்டோர் அதனிற் பன்மடங்கினர் எனச் சாசனமே கணக்குக் கூறுகின்றது. முழுத்தொகைகளாய் வரும் இவ்வெண்களை அப்படியே கொள்ளவேண்டுவதில்லை. கருதற்பாலது வேறொன்று. அரசர் புகழ்கூறும் கல்வெட்டுகளிலே பகைவரின் இழப்பு பெருமைக்கு அளவாக நிற்கும். ஈண்டு அதுவே துயருக்கு அளவாக நிற்கின்றது. அன்றியும், தமக்கு ஊறொன்றும் நேராதவிடத்தும், நண்பரும் சுற்றத்தாரும் பட்ட துன்பத்தால் தாமும் துன்புற்றோரைச் சாசனம் மறந்திலது. பழைய அரசாணைகளில் இத்துணை நுண்ணுணர்வு காண்டல் அரிது.

ஆயின், காட்டுவாழ் குடிகளைப்பற்றிப் பேசுமிடத்துக் குரல் மாறிவிடுகின்றது. வருந்தும் இந்நிலையிலும் தனக்கு வலிமை உண்டென்றும், கொலைப்படாதிருக்கவேண்டின் அவர் தம் செயலுக்கு நாணித் திருந்துதல் வேண்டுமென்றும் வேந்தன் எச்சரிக்கின்றான். புகழ்வோர் பெரும்பாலும் இப்பகுதியைத் தொடுவதில்லை. அதனால் அவர்கள் காட்டும் அசோகன் முனிவனாகின்றான், அரசன் மறைந்துபோகின்றான்.

இச்சாசனம் மேற்கே கிர்னாரிலும், வடக்கே கால்சியிலும், வடமேற்கே ஷாபாஸ்கடி, மன்சேரா என்னுமிடங்களிலும், தெற்கே எர்ரகுடியிலும் உண்டு. இதன் தொடக்கப் பகுதியைக் கிரேக்க மொழியிற் கொண்ட கல்லொன்று 1963இற் கந்தகாரிலே கண்டெடுக்கப்பட்டது. கலிங்கத்துத் துயரைக் கிரேக்கனும் படித்தறிய வழியிருந்தது. கலிங்கத்திலோ, இன்றைய ஒடிசாவிலுள்ள தௌலியிலும் ஜௌகடவிலும், 11, 12, 13ஆம் சாசனங்கள் மூன்றும் விடுபட்டுள்ளன. அவற்றுக்கு ஈடாகத் தனிச்சாசனங்கள் இரண்டு வெட்டப்பட்டிருக்கின்றன. (இவ்விரண்டும் பின்னாளிற் கருநாடகத்துச் சன்னதியிலும் காணப்பட்டமையின், இவை கலிங்கத்துக்கே உரியனவென்னும் பழைய கொள்கை இன்று நில்லாது.)

தௌலிப் பாறையின் உச்சியில் யானையொன்றின் முன்னுடல் செதுக்கப்பட்டுள்ளது. அதன் கீழுள்ள தனிச்சாசனம் தோசலி நகரத்து மகாமாத்திரரை விளித்துப் பேசுவது. மக்கள் எல்லாரையும் தன் மக்களாகவே கருதுவதாக வேந்தன் அதிற் கூறுகின்றான். காரணமின்றி ஒருவன் சிறைப்படுதலும் அதனாற் பலர் துன்புறுதலும் உண்டென்று வெளிப்படையாக ஒப்புகின்றான். பொறாமை, சினம், கொடுமை, அவசரம், சோம்பல் முதலியவற்றை விலக்குமாறு அதிகாரிகளைப் பணிக்கின்றான். ஐந்தாண்டுக்கொருமுறை மேற்பார்வையாளரை அனுப்புவதாகவும் உறுதி கூறுகின்றான்.

இவ்வோலை பூச நாள்களிற் பலரறியப் படிக்கப்படவேண்டும் என்பதும் ஆணை. ஆகவே, கலிங்கமக்கள் கேட்டது சீரிய நிருவாகத்துக்கான ஆணையை. கேளாதது தம் இறந்தோரின் தொகையை. ஆறாத புண்ணைக் கிளறலாகாது என்னும் நாகரிகம் இதற்குக் காரணம் என்பர் ஒருசாரார். புதிதாக வென்ற நாட்டிலே அரசன் தன் பிழையை அறிவித்தல் கிளர்ச்சிக்கு வித்தாகும் என்னும் சூழ்ச்சியே காரணம் என்பர் மற்றொருசாரார். இரண்டும் ஒருங்கே உண்மையாதல் கூடும். எதுவாயினும், வருத்தத்தைக் கேட்டற்கு முதலுரிமை உடையோர்க்கு அது கூறப்படவில்லை. அச்சாசனம் எதிர்நோக்கியது பிறநாட்டாரையும், மேலும் வெற்றியை விரும்பாதிருக்கவேண்டிய தன் பிள்ளைகளையும் பேரன்மாரையுமே.

இலங்கைப் பாளி நூல்களும் கலிங்கத்தைப்பற்றி வாய் திறந்தில. 1837இல் ஜேம்ஸ் பிரின்செப் பிராமி எழுத்தைப் படித்தபோது, சாசனங்களிற் காணப்பட்ட பியதசி அசோகனே என்று தீபவம்சத்தின் துணைகொண்டு நிறுவியவர் இலங்கையிற் பணிபுரிந்த ஜோர்ஜ் ரேணர். வேந்தனின் பெயரைக் காத்துத்தந்த அம்மரபு அவனுடைய போரைக் காக்கவில்லை. உடன்பிறந்தார் தொண்ணூற்றொன்பதின்மரைக் கொன்றான் என்று கூறும் மகாவம்சம், அவன் மனமாற்றத்தை நிக்ரோதர் என்னும் இளந்துறவியின் போதனைக்கு உரியதாக்குகின்றது. சமயப் பெருமையை நாடும் நூலுக்கு ஆசிரியன் ஒருவன் வேண்டும். பிணக்குவியல் ஆசிரியனாதலை அது விரும்பாது.

முடிசூடி இருபதாண்டு கழிந்தபின் அசோகன் புத்தர் பிறந்த லும்பினிக்கு நேரிற் சென்று வழிபட்டான். 1896இற் கண்டறியப்பட்ட தூண் அங்கே அவன் செய்ததைத் தெளிவாகக் கூறுகின்றது: அவ்வூருக்குப் பலி என்னும் வரி நீக்கப்பட்டது, விளைவில் அரசன் பங்கு எட்டிலொன்றாகக் குறைக்கப்பட்டது. ஒரு சிற்றூருக்கு விட்ட வரியைக் கல்லில் எழுதிய அவ்வேந்தன், கலிங்கத்தினின்றும் பெயர்த்த 150,000 பேரையும் ஊர்திரும்ப விட்டான் என்பதற்கு, இதுவரை கிடைத்த சாசனங்களில் ஒரு சொல்லும் இல்லை.