மாநிலச் சட்டங்களும் மக்கள் மனமும்

'மக்கள் குரலே மகேசன் குரல்' என்று மேடைதோறும் முழங்கக் கேட்கிறோம. இம்முதுமொழியின் இலத்தீன் வடிவம் சார்லமேன் மன்னனுக்கு அறிஞர் அல்குயின் எழுதிய மடலில் காணப்படுகிறது. அவர் அதைப் போற்றி எழுதவில்லை. அப்படிச் சொல்வோருக்குச் செவிசாய்க்க வேண்டாம், கூட்டத்தின் ஆரவாரம் பித்துக்கு மிக அருகில் உள்ளது என்று எச்சரிக்கவே எழுதினார். ஆயினும் மக்களாட்சி என்று பெயர் சூட்டிக்கொண்ட நாட்டில் சட்டம் மக்கள் மனத்தை விட்டு விலகினால், அது யாருடைய சட்டம் என்னும் வினா எழத்தான் செய்யும்.

2022 ஜூன் மாதம் அமெரிக்க உச்ச நீதிமன்றம் கருக்கலைப்பு பற்றிய தன் 1973ஆம் ஆண்டுத் தீர்ப்பை நீக்கியது. அவ்விவகாரத்தை மக்களிடமும் அவர்கள் தேர்ந்தெடுத்த பிரதிநிதிகளிடமும் திருப்பி அளிப்பதாகவும் அறிவித்தது. அத்தொடரில் உள்ள இரண்டு 'உம்'களும் மக்களையும் பிரதிநிதிகளையும் ஒரே தட்டில் வைத்துவிடுகின்றன. இருவர் மனமும் ஒன்றுதானா?

இவ்வினாவை ஆராய்ந்த இரு படைப்புகளை அடுத்தடுத்துப் படித்தோம். எரிக்சன், ரைட், மெக்ஐவர் ஆகிய மூவரும் 1993இல் வெளியிட்ட நூல், 1976 முதல் 1988 வரையிலான கருத்துக் கணிப்புகளைத் திரட்டி, மாநிலம் மாநிலமாக மக்களின் பொதுவான மனச்சாய்வை அளந்தது. பழமைச் சார்புள்ள மாநிலங்களில் பழமைச் சார்புள்ள சட்டங்களும், தாராளச் சார்புள்ளவற்றில் அத்தகைய சட்டங்களும் இருக்கக் கண்டு, மாநில மக்களாட்சி நலமாகவே உள்ளது என்று அது முடிவுகட்டியது. 2012இல் லாக்ஸ், பிலிப்ஸ் என்னும் இருவர் எழுதிய கட்டுரையோ பொதுச் சாய்வோடு நிற்காமல், 39 கொள்கைகளை ஒவ்வொன்றாக எடுத்து, அம்மாநிலப் பெரும்பான்மையோர் விரும்பியது சட்டமாக இருக்கிறதா என்று பார்த்தது. ஏறத்தாழப் பாதியில்தான் இருந்தது. நாணயத்தைச் சுண்டிப் பார்த்திருந்தாலும் அவ்வளவு தேறியிருக்கும்!

இரண்டும் ஒன்றையொன்று மறுப்பதாக நாம் கருதவில்லை. காற்று எத்திசையில் வீசுகிறது என்று முதல் நூல் சொல்கிறது. படகு கரை சேர்ந்ததா என்று இரண்டாவது கேட்கிறது. பழமைச் சார்புள்ள மாநிலத்தின் சட்டம் அதன் மக்களையும் கடந்து பழமையை நோக்கி ஓடுகிறது, தாராளச் சார்புள்ள மாநிலத்திலும் அவ்வாறே தன் திசையில் ஓடுகிறது என்று பிந்தைய கட்டுரை காட்டுவது நம்மைச் சிந்திக்க வைத்தது. மக்கள் நிற்கும் இடத்தைவிடச் சட்டங்கள் ஒன்றிலிருந்து ஒன்று வெகுதூரம் விலகி நிற்கின்றன.

காரணம் தேட நெடுந்தொலைவு போக வேண்டியதில்லை. தொகுதி எல்லைகளைப் பெரும்பாலான மாநிலங்களில் சட்டமன்றத்தாரே வரைகிறார்கள். 2018இல் விஸ்கான்சின் மாநிலக் கீழவைத் தேர்தலில் ஜனநாயகக் கட்சி ஏறத்தாழ 53 விழுக்காடு வாக்குப் பெற்றும், 99 இடங்களில் 36ஐ மட்டுமே வென்றது. சில தொகுதிகளில் எதிர்த்து நிற்க ஆளே இல்லாததால் இக்கணக்கைச் சற்றுத் தள்ளியே கொள்ள வேண்டும். ஆயினும் இடைவெளி பெரிது. அவ்வெல்லைகள் மாற்றி வரையப்பட 2024 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. எதிர்ப்பில்லாத தொகுதியின் உறுப்பினர் அஞ்சுவது ஊர்மக்களை அல்ல, தம் கட்சியின் வேட்பாளர் தேர்வில் வந்து வாக்களிக்கும் தீவிரமான சிலரையே.

மிசூரியைப் பாருங்கள். 2020 ஆகஸ்டில் ஏழைகளுக்கான மருத்துவக் காப்பீட்டை விரிவாக்க மக்கள் 53 விழுக்காட்டால் வாக்களித்தனர். சட்டமன்றம் நிதி ஒதுக்க மறுத்தது. 2021இல் மாநில உச்ச நீதிமன்றம் தலையிட்டே அது நடைமுறைக்கு வந்தது. 2024 நவம்பரில் தொழிலாளருக்கு ஊதியத்துடன் கூடிய நோய் விடுப்பு வேண்டும் என்று அதே மக்கள் தீர்ப்பளித்தனர். மறு ஆண்டே சட்டமன்றம் அதை நீக்கியது. அந்த உறுப்பினர்களை அனுப்பிவைத்தவர்களும் அதே வாக்காளர்தாம் என்பதை மறைக்கலாகாது. கட்சிக்கு ஒரு கையும், கொள்கைக்கு மற்றொரு கையுமாக அவர்கள் வாக்களிக்கிறார்கள். இந்த இரட்டை மனத்தை இரு ஆய்வுகளுமே போதிய அளவு துருவவில்லை என்பது நம் குறை.

இனி, நம்மைச் சுடும் இடத்துக்கு வருவோம். கான்சாஸ் அரசியல் சட்டம் கருக்கலைப்புக்கு உரிமை தரவில்லை என்று அறிவிக்கும் திருத்தத்தைச் சட்டமன்றம் மூன்றில் இரு பங்குப் பெரும்பான்மையுடன் மக்கள்முன் வைத்தது. கத்தோலிக்க மறைமாவட்டங்கள் அதற்குப் பெரும்பொருள் வழங்கின. 2022 ஆகஸ்டில் ஒன்பது இலட்சத்துக்கும் மேற்பட்டோர் வாக்களித்து, 59 விழுக்காட்டால் அதை நிராகரித்தனர். பழமைச் சார்புக்குப் பெயர்பெற்ற மாநிலம் அது! சட்டமன்றம் மக்களைப் பிரதிபலிக்கவில்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று கிடைப்பதரிது. கருவில் வளரும் உயிரின் மாண்பை நம்பும் நமக்கு அந்த எண்ணிக்கை வலிக்கவே செய்தது. வலிக்கிறது என்பதற்காகக் கணக்கைத் திருத்த இயலுமா?

அண்டை மாநிலமாகிய நெப்ராஸ்காவில் கதை தலைகீழ். 2015 மே மாதம் 49 உறுப்பினர் கொண்ட அதன் ஒற்றை அவை மரண தண்டனையை ஒழித்தது. ஆளுநரின் மறுப்பை மீற 30 வாக்குகள் வேண்டும். சரியாக 30 கிடைத்தன. ஆயர்கள் மகிழ்ந்தனர். ஆளுநர் ரிக்கெட்ஸ், அவரும் கத்தோலிக்கரே, அதை மக்கள் வாக்குக்குக் கொண்டுசெல்லும் இயக்கத்துக்குத் தம் சொந்தப் பணத்தையும் தந்தார். 2016 நவம்பரில் ஏறத்தாழ 61 விழுக்காட்டினர் தூக்குமேடையை, இன்றைய மொழியில் நச்சு ஊசியை, மீட்டெடுத்தனர்.

பெரும்பான்மையோடு பொருந்தாத சட்டம் ஒவ்வொன்றையும் லாக்ஸும் பிலிப்ஸும் 'மக்களாட்சியின் பற்றாக்குறை' என்று ஒரே கணக்கில் எழுதுகிறார்கள். அந்த அளவுகோலை நெப்ராஸ்காவின் முப்பது பேர்மீது வைத்தால், அவர்கள் மனச்சான்றோடு அளித்த வாக்கும், விஸ்கான்சினில் கோடு வரைந்தவர்களின் சூழ்ச்சியும் ஒன்றாகவே தெரியும். இரண்டும் ஒன்றல்ல. முன்னவர்கள் அடுத்த தேர்தலில் மக்களைச் சந்தித்துப் பதில் சொல்லும் நிலையில் இருந்தார்கள். பின்னவர்கள் அந்தச் சந்திப்பையே தவிர்க்க வழி செய்துகொண்டார்கள். எண்ணிக்கையைத் தாண்டி இவ்வேறுபாட்டை நோக்கியிருந்தால் கட்டுரை இன்னும் ஆழம் பெற்றிருக்கும்.

பிலாத்துவின் முற்றத்தில் கூடியோர் பரபாவைக் கேட்டதை இங்குச் சிலர் எடுத்துக்காட்டுவர். ஆனால் தலைமைக் குருக்கள் கூட்டத்தைத் தூண்டிவிட்டார்கள் என்பதை மாற்கு எழுத மறக்கவில்லை. பெரும்பான்மை எவ்வாறு உருவாக்கப்படுகிறது, யார் செலவில் உருவாக்கப்படுகிறது என்பதும் இவ்வாய்வில் ஒரு பகுதியாதல் வேண்டும். கான்சாஸிலும் நெப்ராஸ்காவிலும் இருதரப்பும் செலவழித்தன.

2018 ஆகஸ்டுத் தொடக்கத்தில், மரண தண்டனை ஏற்கத்தகாதது என்று திருச்சபையின் மறைக்கல்வி நூலைத் திருத்தந்தை பிரான்சிஸ் திருத்தினார். அதே மாதம் நெப்ராஸ்கா, 21 ஆண்டுகளுக்குப் பின், ஒருவருக்கு அத்தண்டனையை நிறைவேற்றியது. சட்டம் அன்று மக்கள் விருப்பத்தோடு முற்றிலும் பொருந்தியிருந்தது.