எதிர்காலத்தின் மருமகள்கள்: அறிவியல் புனைவுத் தொடர்களில் மாறியதும் மாறாததும்

சென்ற ஆண்டு இளங்கலை இரண்டாமாண்டு மாணவிகளுக்கு ஒரு பயிற்சி கொடுத்தேன். ‘2060இல் உங்கள் வீட்டில் ஒரு காலைப்பொழுது’ என்று ஒரு பக்கம் எழுதிவரச் சொன்னேன். ஆர்வமாக எழுதி வந்தார்கள். கடற்கரைச் சாலைக்கு மேலே ஸ்கூட்டர்கள் பறந்தன. இறந்துபோன தாத்தா சுவரில் தோன்றி நாட்டு நடப்பு பேசினார். பெரும்பாலான வீடுகளில் ஏதோவோர் எந்திரம் தோசை சுட்டது. தாள்களைத் திருத்தும்போது ஒன்றைக் கவனித்தேன். மாவு தீர்ந்துபோனதை அந்த எந்திரம் அம்மாவிடம்தான் சொன்னது. மதியத்துக்கு என்ன குழம்பு என்று அம்மாவிடம்தான் கேட்டது. அப்பா பறக்கும் ஸ்கூட்டரைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

இதை யாரும் திட்டமிட்டு எழுதவில்லை. பத்தொன்பது வயதுப் பெண்களின் கற்பனையில் ஸ்கூட்டர் தரையை விட்டு எழும்பிவிட்டது. அம்மா அடுப்படியை விட்டு நகரவில்லை. எதிர்காலம் எப்படியிருக்கும் என்பதை நாம் பெரும்பாலும் திரையிலிருந்தே கற்றுக்கொள்கிறோம். ஆகவே அந்தத் திரையைப் பார்க்க வேண்டியிருக்கிறது. நாவலை ஒருவர் ஒருமுறை எழுதி முடித்துவிடுகிறார். பல ஆண்டுகள் ஓடும் தொலைக்காட்சித் தொடரோ எழுத்தாளர்கள், தயாரிப்பாளர், விளம்பரதாரர், பார்வையாளர் எல்லோரும் கூடி வாராவாரம் திருத்தி எழுதும் பிரதி. ஒரு சமூகம் எதை மாற்ற ஒப்புக்கொள்கிறது, எதை மாற்ற மறுக்கிறது என்பதை அதில் ஆண்டுவாரியாகப் பார்க்கலாம்.

*

என் தலைமுறைக்கு எதிர்காலம் என்றால் சுஜாதாவின் ‘என் இனிய இயந்திரா’. எண்பதுகளில் ஆனந்த விகடனில் தொடர்கதையாக வந்து, பின்னர் தூர்தர்ஷனில் தொடரானது. முத்தியால்பேட்டையில் எங்கள் தெருவில் டிவி இருந்த வீடுகள் குறைவு. பக்கத்து வீட்டு அக்காவின் கூடத்தில் தரையில் உட்கார்ந்து பார்ப்போம். பேசும் எந்திர நாய் ஜீனோவைப் பார்க்கத்தான் போனோம். நிலாவைப் பற்றி யாரும் பேசிக்கொண்டதாக நினைவில்லை. கதையோ நிலாவுடையது.

ஜீவா என்ற சர்வாதிகாரியின் நாட்டில் பெயர்கள் இரண்டெழுத்தில்தான் இருக்க வேண்டும். பிள்ளை பெற அரசு அனுமதிக்க வேண்டும். நிலாவுக்கு அனுமதி கிடைக்கிறது. கணவன் சிபி காணாமல்போகிறான். அவனைத் தேடப்போகிறவள் ரவி, மனோ என்ற இரண்டு ஆண்களின் சதித்திட்டத்துக்குள் இழுக்கப்படுகிறாள். நெருக்கடி நிலைக் காலத்தின் கட்டாயக் குடும்பக் கட்டுப்பாடு மக்கள் நினைவிலிருந்து அகலாத ஆண்டுகளில் எழுதப்பட்ட கதை இது. கருப்பையின்மீது அரசு கை வைப்பதைச் சர்வாதிகாரம் என்று கதை சரியாகவே அடையாளம் காண்கிறது. ஆனால் அந்தக் கை அரசுடையதாக இருக்கும்போது மட்டுமே கதைக்கு அது தெரிகிறது. எப்போது பெறுவது, எத்தனை பெறுவது என்று மாமியாரும் கணவனும் முடிவுசெய்யும் வீடுகளில்தான் நாங்கள் உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

சிந்திக்கும் வேலை பெரும்பாலும் ஜீனோவுக்கே போகிறது. அது புத்தகம் படிக்கிறது, தர்க்கம் செய்கிறது, நிலாவுக்குக் கற்றுக்கொடுக்கிறது. கடைசியில் அரியணை நிலாவுக்கு வருகிறது, அதிகாரம் ரவியிடமும் மனோவிடமும் இருக்கிறது. ‘மீண்டும் ஜீனோ’வில் அவள் பொம்மை அரசி. சுஜாதா இதை அறியாமல் எழுதவில்லை. பொம்மை என்பதைக் கதையே சொல்லிவிடுகிறது. தலைவி நாற்காலியில் உட்கார்ந்திருக்க, தலைவியின் கணவர் கோப்புகளைப் புரட்டும் பஞ்சாயத்து அலுவலகங்களைக் கண்ட நமக்கு அந்த அரியணை அந்நியமானதல்ல. இருந்தாலும் நிலா கேள்வி கேட்டாள், வீட்டை விட்டு வெளியே போனாள், பயந்துகொண்டே முடிவெடுத்தாள். அந்த அளவில் அவள் மனுஷி.

அதே பெயரைத் தமிழ்த்திரை 2018இல் மறுபடி கண்டெடுத்தது. ‘2.0’ படத்தில் விஞ்ஞானி வசீகரனுக்கு உதவியாக வரும் பெண் எந்திரத்தின் பெயரும் நிலா. இனிய, அறிவுள்ள, அழகான உதவியாளர் என்று பொருள்படும் ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துகளைச் சேர்த்து வைத்த பெயர். முப்பது ஆண்டுகளில் தொழில்நுட்பம் எவ்வளவோ போய்விட்டது. நிலா அரசியிலிருந்து உதவியாளராக வந்து சேர்ந்திருக்கிறாள்.

*

இது ஒரு படத்தின் தற்செயல் அல்ல. இந்தியச் சின்னத்திரையில் எந்திரம் வீட்டுக்குள் வந்த வழியைப் பார்த்தால் தெரியும். அமெரிக்காவில் 1985 முதல் 1989 வரை ஓடிய ‘ஸ்மால் வொண்டர்’ இங்கே இந்தி ஒலிமாற்றத்தில் வந்தது. பொறியாளர் ஒருவர் சிறுமி உருவத்தில் எந்திரம் செய்து, மகள் என்று சொல்லி வீட்டில் வைத்துக்கொள்கிறார். விக்கி என்ற அந்தச் சிறுமி வீட்டுவேலை செய்வாள். இரவில் அந்த வீட்டுப் பையனின் அறை அலமாரிக்குள் நிற்பாள். சிரித்துக்கொண்டேதான் பார்த்தோம். வீட்டுவேலைக்கு வந்த சிறுமியைச் சமையலறை ஓரத்தில் பாய் போட்டுப் படுக்கவைத்த வீடுகள் நம் ஊரிலும் இருந்தன என்பது அப்போது உறைக்கவில்லை. 2003இல் ஸ்டார் பிளஸ் அதையே ‘கரிஷ்மா கா கரிஷ்மா’ என்று இந்தியில் எடுத்தது.

கரிஷ்மா வளர்ந்தால் என்ன ஆவாள்? மருமகள் ஆவாள். 2016இல் லைஃப் ஓகே அலைவரிசையில் வந்த ‘பஹு ஹமாரி ரஜினிகாந்த்’ அதைத்தான் செய்தது. தலைப்பின் பொருள் ‘எங்கள் மருமகள் ரஜினிகாந்த்’. நம் நடிகரின் பெயரை வைத்துச் செய்த சொல்விளையாட்டு அது: பெண்ணின் பெயர் ரஜினி, அவள் வந்து சேரும் குடும்பத்தின் பெயர் காந்த். விஞ்ஞானி ஒருவன் உருவாக்கிய பெண் எந்திரம் அவன் மனைவியாகக் கூட்டுக்குடும்பத்தில் நடிக்க வேண்டியிருக்கிறது. சொன்னதைச் சொன்னபடியே செய்வது அவளுடைய இயல்பு. நகைச்சுவை முழுவதும் அதிலிருந்துதான்.

இந்தத் தொடரை நான் எளிதில் ஒதுக்கமாட்டேன். மாமியார் வாய்க்கு வந்ததைச் சொல்ல, மருமகள் அதை எழுத்துக்கு எழுத்து நிறைவேற்ற, வீடு தலைகீழாகிறது. முழுக்கக் கீழ்ப்படியும் மருமகள் வேண்டும் என்ற ஆசைக்கு முழுக்கக் கீழ்ப்படியும் ஒருத்தியைக் கொடுத்துவிட்டு, இப்போது என்ன செய்வாய் என்று கேட்பதுபோல. களைப்பு, பசி, மாதவிடாய், பிறந்த வீட்டு நினைப்பு எதுவும் இல்லாத ஒன்றால்தான் அந்த வேடத்தைக் குறையில்லாமல் நடிக்க முடியும் என்பதைத் தொடர் தன்னையறியாமல் ஒப்புக்கொண்டுவிடுகிறது. ஆனால் அடுத்த அடி வைக்கவில்லை. அந்த வேலைகள் ஏன் மருமகளுடையவை என்று அந்த வீட்டில் யாரும் கேட்கவில்லை. ஓராண்டுபோல் ஓடி முடிந்தது.

நெடுந்தொடருக்குப் பெயர்போன தமிழ்ச் சின்னத்திரை இந்தப் பக்கம் பெரிதாக வரவில்லை. ‘கோலங்கள்’ 2003 தொடங்கி 2009 வரை 1,500க்கும் மேற்பட்ட பகுதிகள் ஓடியது. அதன் அபி, தாங்க முடியாததையெல்லாம் தாங்கிக்கொண்டு குடும்பத்தையும் தொழிலையும் நிமிர்த்தினாள். மனுஷியே அவ்வளவையும் தாங்கும்போது நம் தயாரிப்பாளர்களுக்கு எந்திரத்தின் தேவை என்ன?

*

வெளிநாட்டுத் தொடர்கள் இந்த விஷயத்தில் யோக்கியமாகத் தொடங்கின என்று நினைக்க வேண்டாம். ‘ஸ்டார் ட்ரெக்’ தொடரின் முதல் மாதிரிப் படத்தில் விண்கலத்தின் துணைத் தலைமை ஒரு பெண்ணிடம் இருந்தது. தொலைக்காட்சி நிறுவனம் அந்தப் படத்தை ஏற்கவில்லை. பெண் பாத்திரமும் காணாமல்போனது. பெண் அதிகாரியை நிறுவனம் விரும்பவில்லை என்பது ஒரு கதை. தயாரிப்பாளரின் காதலியை அந்தப் பாத்திரத்தில் போட்டதைத்தான் விரும்பவில்லை என்பது இன்னொரு கதை. எப்படியானாலும் 1966இல் ஒளிபரப்பு தொடங்கியபோது பெண்கள் குட்டைப் பாவாடையில் இருந்தார்கள். அந்தத் தொடருக்குப் பல முக்கியப் பகுதிகளை எழுதிய டோரதி ஃபோண்டானா, டி.சி. ஃபோண்டானா என்று முதலெழுத்துகளைப் போட்டுக்கொண்டுதான் எழுதினார். 1969இல் வந்த கடைசிப் பகுதியில், கலத்தின் தலைமைக்குப் பெண்ணுக்கு வழியில்லை என்று ஏங்கும் ஒருத்தி ஆணின் உடலைத் திருடுகிறாள். கதை அவளைப் பித்துப்பிடித்தவளாக முடிக்கிறது.

அதே தொடரில்தான் உஹுராவாக நடித்த நிச்செல் நிக்கோல்ஸ் இருந்தார். விலகிவிட நினைத்தபோது மார்ட்டின் லூதர் கிங் தன்னைத் தடுத்து, கறுப்பினத்தவர் சமமாக நிற்கும் காட்சி எங்கள் வீட்டுப் பிள்ளைகள் கண்ணில் படுகிறது என்று சொன்னதாக அவர் பலமுறை நினைவுகூர்ந்திருக்கிறார். பின்னாளில் நாசாவுக்காகப் பெண்களையும் கறுப்பினத்தவரையும் விண்வெளி வீரர் பணிக்கு அழைக்கும் இயக்கத்தில் வேலை செய்தார். 1978இல் தேர்வானவர்களில் சாலி ரைடும் ஒருவர்.

பிறகு மாற்றங்கள் ஒவ்வொன்றாக வந்தன. தொடக்க வாசகத்தில் இருந்த ‘ஆண்’ என்ற சொல்லை 1987இல் எடுத்துவிட்டு ‘எவரும்’ என்று மாற்றினார்கள். 1995இல் ‘வாயேஜர்’ கலத்துக்கு ஜேன்வே என்ற பெண் தலைவியானார். இரண்டே ஆண்டுகளில் அதே கலத்தில் உடலோடு ஒட்டிய உடை அணிந்த இன்னொரு பெண்ணை ஏற்றினார்கள். தலைமை நாற்காலியை ஒரு பெண்ணுக்குக் கொடுத்த கையே கேமராவை இன்னொரு பெண்ணின் உடல்மேல் திருப்பியது. 2017இல் ‘டிஸ்கவரி’யில் கறுப்பினப் பெண் மையப் பாத்திரமானார்.

என் வாசிப்பில் இவற்றைவிடப் பெரிய மாற்றம் 1993இல், ‘டீப் ஸ்பேஸ் நைன்’ தொடரில் வந்தது. அதைப் பற்றிப் பேசுகிறவர்கள் முதல் கறுப்பினத் தலைவர் என்று சிஸ்கோவைச் சொல்வார்கள், சரிதான். சிஸ்கோ மனைவியை இழந்தவர், மகனைத் தனியே வளர்க்கிறவர், சமைக்கிறவர். அவருடைய தந்தை நியூ ஆர்லியன்ஸில் உணவகம் நடத்துகிறார். கேட்டதைக் கொடுக்கும் உணவு எந்திரம் இருக்கும் காலத்தில் அந்த மனிதர் காய் நறுக்குகிறார், சகாக்களைச் சாப்பிடக் கூப்பிடுகிறார். மற்றக் கலங்கள் சிலவற்றில் எந்திரம் வைத்துச் சமையலறையையே ஒழித்திருந்தார்கள். இங்கே ஓர் ஆண் அதற்குள் போனான்.

1963 நவம்பரில் பிபிசியில் தொடங்கிய ‘டாக்டர் ஹூ’ இன்னொரு பாடம். முதல் தயாரிப்பாளர் வெரிட்டி லாம்பெர்ட், இருபதுகளில் இருந்த பெண். முதல் கதையை இயக்கியவர் லக்னோவில் பிறந்த வாரிஸ் ஹுசேன். இப்படிப்பட்டவர்கள் தொடங்கிவைத்த தொடரில் டாக்டர் பாத்திரம் பெண்ணாவதற்கு 2017 ஆனது. இந்தியப் பிரிவினை அதில் கதையாவதற்கு 2018 ஆனது. வினய் படேல் எழுதிய ‘டீமன்ஸ் ஆஃப் த பஞ்சாப்’ பகுதியில், யாஸ்மின் என்ற இளம்பெண் தன் பாட்டியின் முதல் திருமணத்தை 1947இல் போய்ப் பார்க்கிறாள். மணப்பெண் முஸ்லிம், மணமகன் இந்து. வேற்றுக்கிரகவாசிகள் கொலை செய்ய வந்தவர்கள் என்று நாம் நினைக்கிறோம். அவர்களோ கவனிப்பாரின்றிச் சாகிறவர்களுக்குச் சாட்சியாக நிற்க வந்தவர்கள். கொலைக்குத் துணைபோகிறவன் மணமகனின் சொந்தத் தம்பி. பாட்டி பேத்தியிடம் சொல்லாமல் வைத்திருந்த கதையைச் சொல்ல ஒரு கால எந்திரம் தேவைப்பட்டது. அந்தக் கதையை அறிந்த ஒருவர் எழுத்தாளர் அறைக்குள் நுழையவும் வேண்டியிருந்தது.

இவற்றிலிருந்து எனக்குப் புரிவது இது. பதவி முதலில் மாறுகிறது, உடை அதற்குப் பின்னால் மாறுகிறது, வீடு கடைசியில்தான் மாறுகிறது. அதுவும் வீட்டை அறிந்தவர்கள் எழுத வரும்போது மாறுகிறது. இதற்கு நம்மிடமே பழைய சான்று உண்டு. ரொக்கையா ஹுசைனின் ‘சுல்தானாவின் கனவு’ 1905இல் சென்னையிலிருந்து வந்த ஒரு பெண்கள் பத்திரிகையில் வெளியானது. அதன் பெண்ணுலகில் சமையலறைக்குப் புகையும் இல்லை, கரியும் இல்லை; வெயிலைக் கொண்டு சமைக்கிறார்கள். ஆண்கள் உள்ளறையில் இருந்து வீட்டுவேலை பார்க்கிறார்கள். தொலைக்காட்சியே இல்லாத காலத்தில் ஒரு பெண் முதலில் மாற்றிப் பார்த்த இடங்களில் ஒன்று அடுப்படி.

*

தாள்களைத் திருப்பிக் கொடுக்கும்போது வகுப்பில் ஒரே கேள்வி கேட்டேன்: “எந்திரத்துக்கு யார் சொல்கிறார்கள்?” கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. பிறகு ஒருத்தி சிரித்தாள், எல்லோரும் சிரித்தார்கள். “எங்க வீட்ல வாஷிங் மிஷின் வந்தப்புறம் அம்மாவுக்குத் துணி அதிகமாத்தான் மேடம் ஆயிருக்கு” என்றாள் ஒரு மாணவி.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஒரு மாணவியின் தாளுக்கு நான் குறைவாக மதிப்பெண் போட்டிருந்தேன். அதில் பறக்கும் வண்டி இல்லை, எந்திரம் இல்லை. காலையில் எழுந்து கழிவறைக் கதவைத் திறக்குமுன் சுவரில் ஒரு சிறு பச்சை விளக்கு எரிகிறதா என்று பார்ப்பதாக மட்டும் எழுதியிருந்தாள். கற்பனை போதாது என்று ஓரத்தில் குறித்திருந்தேன். எந்த ஊர் என்று கேட்டேன். ரெட்டியார்பாளையம் பக்கம் என்றாள். 2024 ஜூன் 11 காலையில் அங்கே புதுநகரில் பாதாளச் சாக்கடையின் விஷவாயு வீட்டுக் கழிவறை வழியே ஏறி மூன்று பேர் இறந்தார்கள். மூவரும் பெண்கள், அதில் ஒருத்தி பள்ளி மாணவி. என் மாணவியின் எதிர்காலத்தில் அந்தப் பச்சை விளக்கு எல்லா வீட்டிலும் இருந்தது.

நாம் பார்த்த தொடர்களில் எந்திரம் மகளாக வந்தது, மருமகளாக வந்தது, அழகான உதவியாளராக வந்தது. சாக்கடைக்குள் இறங்க எந்திரம் வேண்டும் என்று அவற்றில் யாரும் கேட்கவில்லை. அந்த வேலையைச் செய்ய எந்தச் சாதியிலிருந்து ஆள் வருவார்கள் என்பது எல்லோருக்கும் தெரிந்ததாலோ என்னவோ.

மதிப்பெண்ணைத் திருத்தினேன். மற்றவர்களைத் திரும்ப எழுதிவரச் சொன்னேன். இந்த முறை ஒரு நிபந்தனை: வீட்டில் நடக்கும் ஒவ்வொரு வேலைக்கும் அதை நினைவில் வைத்திருப்பவர் யார் என்று எழுத வேண்டும். அந்தத் தாள்கள் இன்னும் வந்துகொண்டிருக்கின்றன. சிலர் அம்மாவிடம் கேட்டு எழுதுகிறார்கள்.