கட்டற்ற படங்களில் உள்ள கட்டு

தமிழில் விக்கிப்பீடியாவைக் 'கட்டற்ற கலைக்களஞ்சியம்' என்று வழங்குகின்றோம். அடைமொழி அழகியதுதான். ஆயின், அக்கலைக்களஞ்சியத்திற்குப் படங்களை அளிக்கும் பண்டகசாலையாகிய விக்கிமீடியா பொதுவகத்தை நோக்கும்போது, அவ்வடைமொழி வாசகரை வழிதவறச் செய்கின்றதோ என்னும் ஐயம் எழுகின்றது. கட்டு அற்றது என்றால் கேட்பாரும் அற்றது என்று பொருள் கொள்வோர் நம்மிடையே மிகுந்துவிட்டனர். உண்மை அஃதன்று. பொதுவகத்துப் படங்களை எவரும் எடுக்கலாம், அச்சிடலாம், விற்கவும் செய்யலாம். ஆனால், எடுத்தவர் பெயரையும் அவர் வழங்கிய உரிமத்தின் பெயரையும் சுட்டுதல் வேண்டும். படத்தைத் திருத்தி வெளியிட்டால் அதனையும் அதே உரிமத்தோடு பிறர்க்கு விடுதல் வேண்டும். தொண்டர்களுள் பெரும்பாலோர் இடும் நிபந்தனை இதுவே.

பொதுவகம் 2004 செப்டம்பர் 7-ஆம் நாள் தோன்றிற்று. 2023-இல் அதன் கோப்புகள் 10 கோடியைக் கடந்தன. அவற்றுள் அரும்பொருட்காட்சியகங்களும் அரசு நிறுவனங்களும் அளித்தவை பல உள. எனினும், அதன் உயிர்நாடி ஊதியம் பெறாத தொண்டர் கூட்டமேயாகும். 2010-இல் நெதர்லாந்தில் தொடங்கிய நினைவுச்சின்னப் படப் போட்டி, மறு ஆண்டில் ஐரோப்பாவின் 18 நாடுகளில் பரவி 168,000-க்கு மேற்பட்ட படங்களை ஈட்டி, உலகின் மிகப் பெரிய நிழற்படப் போட்டி எனக் கின்னஸ் ஏட்டில் ஏறியது. தமிழ் விக்கிப்பீடியரும் 2011-12-இல் ஊடகப் போட்டி ஒன்றை நடத்தினர். இத்தொண்டர் வாங்கும் காமிராவும் அவர்தம் பணம். போகும் பயணமும் அவர்தம் செலவு. அவர் கேட்கும் கூலி, படத்தின் கீழ்த் தம் பெயர் ஒரு வரி இடம்பெறுவது மட்டுமே.

அந்த ஒரு வரியை நாம் கொடுக்கின்றோமா? நம் ஊர்களில் வெளிவரும் ஆண்டு மலர்களையும் ஆலயக் குடமுழுக்கு மலர்களையும் பள்ளி இதழ்களையும் புரட்டிப் பாருங்கள். 'படம்: இணையம்' என்றிருக்கும், சில இடங்களில் 'நன்றி: கூகுள்' என்றிருக்கும். பல இடங்களில் அதுவும் இராது. ஒரு மாணவன் தன் கட்டுரையில் ஒரு செய்யுளைக் காட்டி, அடியில் 'நன்றி: நூலகம்' என்று எழுதினால் தமிழாசிரியர் சிவப்பு மையைத் தொடாமல் விடுவாரா? புலவர் பெயர் எங்கே, நூல் பெயர் எங்கே என்று கேட்பார் அன்றோ? பாடியவர் பெயர் தெரியாத சங்கச் செய்யுளுக்கும், அதில் வந்த தொடரைக் கொண்டே ஒரு பெயர் சூட்டிய மரபு நம்முடையது. அம்மரபினர் பெயர் தெரிந்திருந்தும் மறைப்பது எவ்வாற்றானும் பொருந்தாது. சிங்கப்பூரைப் பொறுத்தவரை இது பண்பாடு மட்டுமன்று, சட்டமுமாம். 2021 நவம்பர் 21 முதல் நடைமுறையில் உள்ள பதிப்புரிமைச் சட்டம், ஒருவர் படைப்பைப் பொதுவில் பயன்படுத்துவோர் படைத்தவரைச் சுட்ட வேண்டும் என்று விதிக்கின்றது.

பெயரை விடுவதால் வரும் கேடு வேறொன்றும் உண்டு. கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தின் பழைய வடிவங்களில், நிபந்தனையை மீறிய அக்கணமே உரிமம் தானாக அற்றுப்போகும். இதனை அறிந்த ஒரு சிலர், படத்தைப் பழைய உரிமத்தில் வெளியிட்டுவிட்டு, பெயர் சுட்டாமல் எடுத்தாண்டவரைத் தேடிப்பிடித்துப் பெருந்தொகை கேட்டு மடல் விடுக்கலாயினர். கொடை என்னும் பெயரால் விரித்த வலை இது. 2013 நவம்பரில் வெளிவந்த நான்காம் வடிவம், மீறலை அறிந்த 30 நாளுக்குள் பிழையைத் திருத்திக்கொள்வோர்க்கு உரிமத்தை மீட்டுத் தருகின்றது. பழைய வடிவங்களில் உள்ள படங்களோ இன்றும் எண்ணற்றவை. மலர்க் குழுவினர் இதனை அறிந்திருப்பது நலம்.

இனி, பெயரே வேண்டாம், எல்லா உரிமையையும் விட்டேன் என்று கொடுத்துவிட்டால் தொல்லை தீராதா? கேரல் ஹைஸ்மித் என்னும் அமெரிக்க நிழற்படக் கலைஞர் தாம் எடுத்த ஆயிரக்கணக்கான படங்களை வாஷிங்டனிலுள்ள காங்கிரஸ் நூலகத்தின் வழியாகப் பொதுமக்களுக்கு ஈந்தார். அவர் தம் படத்தைத் தம் இணையத்தளத்திலேயே வைத்திருந்ததற்கு 120 டாலர் செலுத்துமாறு ஒரு வணிக முகவர் நிறுவனம் அவருக்கே மடல் அனுப்பிற்று. 2016-இல் அவர் படவணிக நிறுவனங்கள்மீது நூறு கோடி டாலருக்கு மேல் இழப்பீடு கோரி வழக்குத் தொடுத்தார். நீதிமன்றம் அவ்வழக்கின் பெரும்பகுதியைத் தள்ளிவிட்டது. உடைமையாளர் தம் உரிமையைத் துறந்தபின், அப்பொருளை ஒருவர் கடைவிரித்து விற்பதைத் தடுக்க அவர் கையில் பிடி ஏது? பெயர் என்னும் சிறு கட்டை வைத்துக்கொள்ளும் தொண்டர் தன்னலக்காரர் அல்லர் என்பது இதனால் விளங்கும்.

பொதுவகத்தின்மேல் ஆசிரியர்கள் கூறும் குறை ஒன்றையும் ஆராய்தல் வேண்டும். 'கல்விக்கு மட்டும், வணிகத்திற்கு அன்று' என்று எழுதிக் கொடுக்கும் படத்தைப் பொதுவகம் ஏற்பதில்லை. நல்லெண்ணத்தோடு தருவதை மறுக்கலாமா என்று வினவுகின்றனர். ஆனால், வணிகம் எங்கே தொடங்குகின்றது? பள்ளி இதழை ஐந்து வெள்ளிக்கு விற்றால் அது வணிகமா? தனியார் பதிப்பகம் வெளியிடும் இலக்கண வழிகாட்டி கல்வியா, வாணிகமா? நாளேட்டின் மாணவர் பகுதி எதில் சேரும்? இந்தக் கேள்விகளுக்கு விடை காணாத ஆசிரியர், அஞ்சிப் படத்தையே விட்டுவிடுவார். விற்பனைக்கும் இடம் தருவதனாலேயே அப்படம் வகுப்பறைக்குத் தயக்கமின்றி வருகின்றது. இதில் பொதுவகத்தின் பக்கமே நான் நிற்பேன்.

இதனினும் சிக்கலானது, படத்தை எடுத்தவருக்கு உரிமை இருந்தும் படத்தில் உள்ள பொருளுக்கு வேறொருவர் உரிமையாளராக இருப்பது. 1958 உலகப் பொருட்காட்சிக்காகப் பிரஸ்ஸல்ஸ் நகரில் எழுந்த அட்டோமியம் இதற்குத் தக்க சான்று. அதனை வடிவமைத்த ஆந்திரே வாட்டர்கெய்ன் 2005-இல் மறைந்தார். அவருடைய உரிமையோ மறைவுக்குப் பின் 70 ஆண்டு நிலைக்கும். தெருவில் நின்று எவரும் காணும் கட்டடத்தின் படத்தைத் தெருவில் நின்று எடுத்தவரே பொதுவில் வைக்க முடியாதிருந்தது. 2016-இல் பெல்ஜியம் சட்டத்தைத் திருத்திய பின்னரே வழி பிறந்தது. அதே ஆண்டில் பிரான்சும் திருத்தியது. ஆனால் தனி மனிதருக்கு, அதுவும் வணிகமல்லாத பயன்பாட்டிற்கு மட்டுமே. ஆகவே பிரெஞ்சு நாட்டுப் புதுக் கட்டடங்கள் இன்னும் வாயிலுக்கு வெளியே நிற்கின்றன.

நம் பக்கம் வருவோம். மலேசியாவின் 1987-ஆம் ஆண்டுச் சட்டம், பொதுமக்கள் காணத்தக்க இடத்தில் நிலையாக அமைந்த கலைப்படைப்பு எதுவாயினும் படியெடுக்க இடந்தருகின்றது. ஜார்ஜ் டவுனின் சுவரோவியங்களை ஒரு தொண்டர் அச்சமின்றிப் படமெடுத்து அளிக்கலாம். சிங்கப்பூர்ச் சட்டம் கட்டடங்களுக்கும் சிற்பங்களுக்கும் அத்தகைய இடத்தைத் தந்து, ஓவியங்களுக்குத் தரவில்லை. ஆதலால் மாரியம்மன் கோயில் கோபுரத்துச் சுதைச் சிற்பங்கள் பொதுவகத்தில் இடம்பெறும். லிட்டில் இந்தியாவில் அண்மைக் காலத்தார் தீட்டிய சுவரோவியங்கள் இடம்பெறா. பாலத்திற்கு அப்பால் ஒரு நீதி, இப்பால் ஒரு நீதி!

பொதுவகம் சட்டத்தில் கண்டிப்பாக இருப்பதை நான் குறை கூறேன். அதன் குறை வாய்மொழியில் உள்ளது. லிட்டில் இந்தியாச் சுவரை முதன்முதலாகப் படமெடுத்து ஏற்றிய ஓர் இளைஞருக்கு வருவது என்ன? 'உங்கள் கோப்பு நீக்கத்திற்கு முன்மொழியப்பட்டுள்ளது' என்னும் அச்சுவார்ப்பு அறிவிப்பு. அதன்கீழ் நிற்கும் உரையாடலோ பெரும்பாலும் ஆங்கிலத்தில், சட்டப்பிரிவு எண்களோடு. தாம் திருடர் எனப்பட்டதாகவே அவர் கொள்வார், மீண்டும் வாரார். தொண்டரைக் கொண்டு நடக்கும் களஞ்சியம் தொண்டரை இங்ஙனம் இழப்பது பெருங்கேடு. மற்றொன்று: தமிழ்நிலத்துக் கோயில், வயல், விழா ஆகியவற்றின் படங்களுக்கும் விளக்கம் ஆங்கிலத்தில் மட்டுமே உள்ளவை ஏராளம். தமிழ்ச் சொல்லை இட்டுத் தேடும் மாணவனுக்கு அவை அகப்படமாட்டா. இக்குறையை நீக்கச் சட்ட அறிவு வேண்டா. தமிழாசிரியர் ஒருவர் மாலையில் அரைமணி செலவிட்டால் பத்துப் படங்களுக்குத் தமிழ் விளக்கம் எழுதிவிடலாம்.

இவற்றையெல்லாம்விட என் மனத்தை உறுத்துவது பழம் படங்களின் நிலை. மலேசியச் சட்டப்படி, வேறு ஒப்பந்தம் இல்லையேல், பணம் கொடுத்து எடுக்கச் சொன்னவருக்கே படத்தின் உரிமை போகும். சிங்கப்பூரிலோ 2021 சட்டத்திற்குப் பின், வேறு ஒப்பந்தம் இல்லையேல், அது எடுத்தவருக்கே உரியது. ஜோகூரில் ஒரு திருமணம், சிங்கப்பூரில் வரவேற்பு என்றால் ஒரே மணமக்களின் படங்களுக்கு இரண்டு உடைமையாளர்! புதுப் படங்களிலேனும் கேட்டுத் தெளியலாம். தோட்டப்புறத்துப் படங்களை என் செய்வது? லயங்களின் முன் வரிசையாக நின்ற பால்மரத் தொழிலாளர், தோட்டத் தமிழ்ப்பள்ளியின் ஆறாம் வகுப்பு, தீமிதிக்கு மறுநாள் கோயில் முற்றத்தில் கூடிய ஊர் என இவை ஒவ்வொரு குடும்பப் பெட்டியிலும் கிடக்கின்றன. பல தோட்டங்கள் இன்று வீடமைப்புத் திட்டங்களாகிவிட்டன. இப்படங்களைக் கொண்டு சென்றால், எடுத்தவர் யார், அவர் எப்போது மறைந்தார், உரிமை யாரிடம் உள்ளது என்று பொதுவகம் வினவும். வினவுவது முறையே. அட்டையைத் திருப்பினால் ஊதா மையில் ஒரு ஸ்டூடியோவின் பெயரும் ஊரும் மங்கித் தெரிகின்றன. காமிராவின் பின் நின்றவர் பெயர் அதில் இல்லை.